பத்து சதவீதத்துக்குள் இருந்தால் திருட்டு இல்லையா? மருத்துவக் கல்லூரி ஆய்வுகளும் ஒரு எண்ணும்

மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்றோ, முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் சோதிக்கப்படுகின்றன என்றோ செய்தி வரும்போது கூடவே ஒரு எண்ணும் வந்துவிடும். எழுதியது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் சதவீதம் அது. 'நாற்பது சதவீதம் காப்பி' என்பார்கள், 'பத்து சதவீதம் வரை பரவாயில்லை' என்பார்கள். 2025இல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு, மத்திய அரசின் தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-இல் மைனஸ் மதிப்பெண் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் படிப்பவருக்கு இயல்பாகவே சந்தேகங்கள் வரும். நோயாளியைப் பார்க்க வேண்டிய டாக்டர் எதற்காகக் கட்டுரை எழுதுகிறார்? அதில் நாலு வரி காப்பி அடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பத்து சதவீதம் என்பது யார் போட்ட கணக்கு?

வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் முறை, கண்டுபிடிக்கச் சுலபமான திருட்டை அளக்கிறது. நோயாளிக்குக் கேடு செய்யும் திருட்டு பெரும்பாலும் அந்த அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது. டாக்டர்களும் தேர்வுக்குத் தயாராவதுபோல அந்த எண்ணுக்குத் தயாராகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

எதை எதைத் திருட்டு என்கிறோம்

ப்ளேஜியரிசம், அதாவது எழுத்துத் திருட்டு, என்ற ஒரே பெயருக்குள் பல செயல்கள் ஒளிந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

1. வரித் திருட்டு. இன்னொருவர் எழுதிய வாக்கியங்களை மேற்கோள் குறியும் இல்லாமல், யார் எழுதியது என்றும் சொல்லாமல் எடுத்துப் போடுவது. எல்லோருக்கும் தெரிந்த வகை இதுதான்.

2. கருத்துத் திருட்டு. வாக்கியத்தை மாற்றி எழுதிவிட்டு, யோசனை தன்னுடையது என்று காட்டுவது. பிறருடைய ஆய்வுத் திட்டத்தை மதிப்பீட்டுக்காகப் படித்தவர் அதைத் தானே செய்து வெளியிடுவதும் இதில் சேரும்.

3. தன் எழுத்தையே திரும்ப வெளியிடுவது. ஒரே ஆய்வை இரண்டு இதழ்களில் இரண்டு புது ஆய்வுகள்போல வெளியிடுவது, அல்லது ஒரு ஆய்வைத் துண்டு துண்டாக நறுக்கி நான்கு கட்டுரைகளாக்குவது.

4. தரவுத் திருட்டு. வேறொருவர் சேகரித்த நோயாளி விவரங்கள், அளவீடுகள், எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றைத் தன் நோயாளிகளுடையதாகக் காட்டுவது.

5. பெயர் விவகாரம். வேலையே செய்யாதவர் ஆசிரியராக நிற்பார். செய்தவர் கடைசியில் 'நன்றி' பகுதிக்குப் போயிருப்பார்.

இல்லாத நோயாளியை உருவாக்குவது, வந்த முடிவைத் திருத்துவது ஆகிய இரண்டும் இவற்றுக்குப் பக்கத்து வீட்டுக் குற்றங்கள். உலக அளவில் ஆய்வு முறைகேடு என்றால் புனைவு, திரிப்பு, திருட்டு மூன்றையும் ஒன்றாகத்தான் வைப்பார்கள். நடைமுறையிலும் இவற்றுக்கு நடுவே பெரிய சுவர் ஒன்றும் கிடையாது. பழைய ஆய்வேட்டின் தரவை எடுத்துத் தேதியை மாற்றிப் போடுபவர் ஒரே நேரத்தில் மூன்றையும் செய்கிறார்.

பதிப்புரிமை மீறல் வேறு விஷயம், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டு சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவருடைய நூலுக்கான பதிப்புரிமை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த நூலை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆனால் அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துத் தன் பெயரில் போட்டால் அது திருட்டுதான். மாறாக, இன்று விற்பனையில் இருக்கும் பாடநூல் முழுவதையும் ஆசிரியர் பெயரோடு ஜெராக்ஸ் போட்டு விற்றால் சட்டம் மீறப்படும், ஆனால் அதை ப்ளேஜியரிசம் என்று சொல்ல முடியாது.

டாக்டருக்கு எதற்கு ஆய்வு?

எம்.பி.பி.எஸ். முடித்தவர் எம்.டி. அல்லது எம்.எஸ். சேர்ந்தால் மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு ஆய்வேடு எழுதியாக வேண்டும். கல்லூரி வழக்கில் இதைத் தீசிஸ், டிசர்டேஷன் என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள். 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகியவற்றின் பி.ஜி. மாணவர்கள் அதைக் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கிறார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்கின்றன. தலைப்பு எடுக்க வேண்டும், எத்திக்ஸ் கமிட்டி என்னும் அறநெறிக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும், நோயாளிகளைச் சேர்க்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் ஓ.பி., வார்டு, நைட் டியூட்டி, தேர்வுக்குப் படிப்பது எல்லாவற்றுக்கும் இடையில் செய்கிறார்கள்.

இரண்டாவது கட்டாயம் பதவி உயர்வு. தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்.எம்.சி., 2022இல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் ஒருவர் இணைப் பேராசிரியர் ஆக நான்கு ஆண்டு அனுபவத்தோடு இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். பேராசிரியர் ஆக மொத்தம் நான்கு. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் மெட்லைன், ஸ்கோபஸ் போன்ற அட்டவணைகளில் உள்ள இதழ்களில்தான் அவை வந்திருக்க வேண்டும். ஆசிரியர் வரிசையில் முதல் மூன்று பேருக்குள் இருக்க வேண்டும், அல்லது இதழோடு கடிதத் தொடர்பில் இருக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும்.

விதி வந்த வேகத்துக்குப் பழக்கம் வரவில்லை. 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்கள் என்ன வெளியிட்டன என்று 2016இல் ஒரு ஆய்வு கணக்கெடுத்தது. அதில் 332 நிறுவனங்கள், அதாவது 57.3 சதவீதம், அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. ஆண்டுக்கு நூறு கட்டுரைகளுக்கு மேல் வெளியிட்டவை வெறும் 25. எழுதிப் பழக்கமே இல்லாத துறைகளில் எல்லோரும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஆணை வந்தால் என்ன நடக்கும்? பணம் கொடுத்தால் எதையும் போடும் இதழ்களுக்குச் சந்தை உருவாகும். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் என்ற இதழ் நிறுவனத்துக்கு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 5 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. ஒழுங்காக மதிப்பீடு செய்யாமலேயே செய்ததாகச் சொல்லிக் கட்டணம் வாங்கியது அதன்மீதான முக்கியக் குற்றச்சாட்டு.

ஆய்வு என்பது சென்னைக்கு ஒட்டாத சமாச்சாரம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம்தான் சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. காசநோயாளியைச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் வைத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது, குடும்பத்தாருக்குத் தொற்று அதனால் கூடிவிடவில்லை என்று 1959இல் வெளியான முடிவு, பல நாடுகளின் காசநோய்த் திட்டங்களையே மாற்றியது. அந்த நோயாளிகள் நிஜமானவர்கள், அந்த எண்கள் நிஜமானவை. அதனால்தான் அந்த முடிவை நம்பிச் சானடோரியங்களை மூட முடிந்தது.

அங்கே ஆய்வு முழுநேர வேலை. மருத்துவக் கல்லூரியிலோ ஓ.பி. முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில் செய்வது. சிக்கலில் பாதி இங்கேயே இருக்கிறது.

டாக்டர்கள் என்ன நினைக்கிறார்கள்?

திருட்டு பற்றிய மனப்பான்மையை அளக்கவே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. குரோஷியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டது, 29 கூற்றுகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேனா, எந்த அளவுக்கு என்று ஐந்து படிகளில் பதில் சொல்ல வேண்டும். பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் இதையே பயன்படுத்துகிறார்கள். மூன்று விஷயங்களை இது தனித்தனியாக அளக்கிறது: திருட்டை நியாயப்படுத்தும் போக்கு, அதைக் கண்டிக்கும் போக்கு, 'நம்மைச் சுற்றி எல்லோரும் என்ன செய்கிறார்கள்' என்ற எண்ணம்.

மூன்றையும் தனியாக அளப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. திருட்டு தப்பு என்று ஒருவர் மனதார ஒப்புக்கொள்வார். அடுத்த கேள்வியிலேயே, நேரம் போதாதபோது கொஞ்சம் எடுத்தால் என்ன என்பார். இரண்டும் ஒரே ஆளிடம் நிம்மதியாகக் குடியிருக்கும். சென்னைக் கல்லூரிகளில் பி.ஜி. மாணவர்களோ ஆசிரியர்களோ சொல்லக்கூடிய சமாதானங்கள் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கும்.

1. "நீரிழிவுக்கு டெஃபனிஷன் ஒன்றுதான், அதை எத்தனை விதமாக எழுதுவது?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பொது அறிவாகிவிட்ட வரையறைக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் வரையறையில் தொடங்கி, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரெவ்யூ ஆஃப் லிட்டரேச்சர் முப்பது பக்கமும் சீனியர் தீசிஸிலிருந்து வருவதுதான் வழக்கம்.

2. "செய்முறை அதேதான், அப்போது மெதட்ஸ் பகுதியும் அதேபோலத்தானே இருக்கும்?" இது உண்மையிலேயே நியாயமான வாதம். ஒரே முறையில் ரத்தப் பரிசோதனை செய்தால் அதை ஒரே மாதிரி விவரிப்பதே தெளிவு. பல இதழ்கள் மெதட்ஸ் பகுதியில் ஓரளவு ஒற்றுமையை ஏற்றுக்கொள்கின்றன. எங்கிருந்து எடுத்த முறை என்று ஒரு குறிப்பு கொடுத்தால் விஷயம் முடிந்தது.

3. "நான் எழுதியதை நானே எடுத்தால் அது எப்படித் திருட்டு?" வரியைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம். தரவைப் பொறுத்தவரை மிகப் பெரிய விஷயம். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

4. "இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு வராது." இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. தமிழ்வழியில் படித்து அதில் சேர்ந்தவர்கள் இனி பி.ஜி. வகுப்புகளுக்கும் வருவார்கள். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி கொடுக்காமல் சதவீதத்தை மட்டும் காட்டி மிரட்டுவது அநியாயம். அதே சமயம், கான்வென்ட் இங்கிலீஷில் வளர்ந்தவர்களின் தீசிஸ்களிலும் காப்பி குறைவாக இல்லை. ஆகவே மொழி ஒரு காரணம்தான், முழுக் காரணம் கிடையாது.

5. "எல்லோரும் செய்வதுதானே." மற்ற நான்கையும் தாங்கிப் பிடிப்பது இதுதான். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடும் தன் காலத்தில் இப்படித்தான் எழுதினார். அவருடைய கைடும் அப்படியே.

இந்த மனப்பான்மை பி.ஜி.யில் முளைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் புத்தக வரி மாறாமல் எழுதியவருக்குத்தான் சென்டம். எம்.பி.பி.எஸ். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பாடநூல் வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பவரைத்தான் தேர்வாளருக்குப் பிடிக்கும். கேஸ் பிரசன்டேஷனுக்கும் ஒரு வாய்பாடு உண்டு. பதினைந்து ஆண்டுகளாக அப்படியே சொல்வதைத் திறமை என்று பாராட்டிவிட்டு, ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மட்டும் திடீரென்று அதையே குற்றம் என்கிறோம். மாற்றி எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடுவில் எங்கும் கிடையாது.

ஓரளவுக்கு அந்த இடைவெளியை நிரப்ப ஒரு முயற்சி நடக்கிறது, அதுவும் சென்னையிலிருந்துதான். அயப்பாக்கத்தில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்.-இன் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மருத்துவ ஆய்வுக்கான அடிப்படைப் பாடத்தை ஆன்லைனில் நடத்துகிறது. பி.ஜி. மாணவர்களும் மருத்துவ ஆசிரியர்களும் இதைக் கட்டாயம் முடிக்க வேண்டும். ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது, எத்தனை நோயாளிகள் வேண்டும், அறநெறி என்ன என்று நல்ல பாடங்கள். ஆனால் வீடியோ பார்த்துத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குவதும், கைடு பக்கத்தில் உட்கார்ந்து "இந்தப் பத்தியை உன் வார்த்தையில் எழுது" என்று சொல்லித் திருத்துவதும் ஒன்றாகிவிடாது.

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது?

ஒற்றுமை கண்டறியும் மென்பொருள் ஆய்வேட்டைச் சின்னச் சின்னச் சொற்கோவைகளாக உடைத்து, தன்னிடம் உள்ள இணையப் பக்கங்கள், இதழ்கள், பழைய ஆய்வேடுகளோடு பொருத்திப் பார்க்கும். எத்தனை சொற்கள் பொருந்தின என்பதன் விகிதம்தான் அந்த எண். உர்குண்ட், ட்ரில்பிட், டர்னிடின் எல்லாம் அடிப்படையில் இதையே செய்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட் 2019இல் தொடங்கிய ஷோத்சுத்தி திட்டம் மூலம் இந்த வசதி பல பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது.

மென்பொருள் சொல்வது ஒற்றுமையை மட்டும்தான். திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. டாக்டர்களுக்குப் புரியும்படி சொன்னால், அது தெர்மாமீட்டர் காட்டும் காய்ச்சல். காய்ச்சலை வைத்து டெங்குவா டைஃபாய்டா என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த விதிகள் அந்த எண்ணுக்குப் படிகள் போட்டன.

1. பத்து சதவீதம் வரை: சிறு ஒற்றுமை, தண்டனை இல்லை.

2. பத்துக்கு மேல் நாற்பது வரை: ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும்.

3. நாற்பதுக்கு மேல் அறுபது வரை: ஓராண்டு வரை திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

4. அறுபதுக்கு மேல்: படிப்புக்கான பதிவே ரத்து.

இது மாணவர்களுக்கு. ஆசிரியர்களின் கட்டுரை என்றால் பத்தைத் தாண்டும் படியில் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அடுத்த படியில் ஓராண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டு ஆண்டுகள் புது மாணவர்களுக்கு வழிகாட்ட முடியாது. கடைசிப் படியில் இரண்டு ஊதிய உயர்வுகளும் மூன்று ஆண்டுகளும். மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்ட வாசகங்கள், தொடர்ந்து பதினான்கு சொற்கள் வரை தற்செயலாகப் பொருந்தும் பொதுச் செய்திகள் ஆகியவற்றைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றும் அந்த விதிகளே சொல்கின்றன.

ஆக, 'பத்து சதவீதம் காப்பி அடிக்க அனுமதி' என்று யாரும் எங்கும் எழுதவில்லை. நீக்க வேண்டியதை நீக்கிய பிறகும் மிச்சமிருக்கும் சிறு பொருத்தங்களுக்காகப் படிப்பைப் பறிக்க வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். கல்லூரியில் அது புரிந்துகொள்ளப்பட்ட விதமோ வேறு: ஒன்பது வந்தால் பாஸ், பதினொன்று வந்தால் ஃபெயில்.

கிண்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஆய்வேடுகளில் ஒரு பக்கம் ப்ளேஜியரிசம் சான்றிதழ். அதன் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். முன்னுரையிலிருந்து முடிவுரை வரையிலான பக்கங்களைப் பதிவேற்றிச் சோதித்ததில் இத்தனை சதவீதம் திருட்டு என்று வந்தது, எனக் கைடு கையெழுத்துப் போடுகிறார். ஒற்றுமை விகிதம் அங்கேயே திருட்டு விகிதம் ஆகிவிட்டது. அதைவிட முக்கியம், முன்னுரை முதல் முடிவுரை வரை என்ற எல்லை. நோயாளிகளின் வயது, பாலினம், ரத்த அளவுகள், முடிவுகள் வரிசை வரிசையாக இருக்கும் மாஸ்டர் சார்ட் ஆய்வேட்டின் கடைசியில் பிற்சேர்க்கையில் இருக்கிறது. சோதனைக்கு அது போவதே இல்லை.

இரண்டு ஆய்வேடுகள்

ஒரு கற்பனை. அ, ஆ என்று இரண்டு பி.ஜி.க்கள்.

அ நேர்மையாக நூறு நோயாளிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்கி, ரத்தம் எடுத்து, தானே எக்ஸெலில் ஏற்றினார். எழுதத்தான் வரவில்லை. முன்னுரையிலும் ரெவ்யூவிலும் பாடநூல் வரிகளைத் தாராளமாகப் போட்டுவிட்டார். எண் முப்பத்திரண்டு வந்தது.

ஆ, இன்னொரு கல்லூரியின் ஐந்து வருடப் பழைய ஆய்வேடு ஒன்றை எடுத்தார். தமிழகத்தின் மருத்துவ ஆய்வேடுகள் பல பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இணையத்திலேயே கிடைக்கின்றன. மாஸ்டர் சார்ட்டில் வயதை ஒன்றிரண்டு மாற்றினார், ஐ.பி. எண்களை, அதாவது உள்நோயாளி எண்களை, புதிதாகப் போட்டார். வாசகத்தை மாற்றி எழுதும் மென்பொருளில் ஓட்டினார். எண் நான்கு.

அ திருத்திக் கொடுக்க வேண்டும், ஆவுக்குச் சான்றிதழ். அ செய்தது தவறுதான், ஒரு வாரம் உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். ஆ செய்ததைச் சரிசெய்யவே முடியாது, ஏனென்றால் அங்கே ஆய்வு என்று ஒன்று நடக்கவே இல்லை.

அந்த மாற்றி எழுதும் மென்பொருள்கள் விட்டுச்செல்லும் தடயங்கள் வேடிக்கையானவை. 2021இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஒருவரும் அவர் குழுவும் இப்படிக் கோணலான சொற்றொடர்களைத் தேடிப் பட்டியல் போட்டார்கள். பிரெஸ்ட் கேன்சர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'புஸம் பெரில்' (மார்பின் ஆபத்து), கிட்னி ஃபெயிலியர் இடத்தில் 'கிட்னி டிசப்பாயின்ட்மென்ட்'. சதவீதம் குறைந்துவிட்டது, சிறுநீரகம்தான் ஏமாற்றமடைந்துவிட்டது.

நோயாளிக்கு எங்கே வந்து சேர்கிறது?

"தீசிஸை யார் படிக்கப் போகிறார்கள்?" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. தனி ஒரு தீசிஸை யாரும் படிக்காமல் போகலாம். ஆனால் அது கட்டுரையாகி இதழில் வந்தால், பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் அதை எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து சிகிச்சை வழிகாட்டு நெறி வரும். பிறகு வார்டில் மருந்துச் சீட்டு. இந்தச் சங்கிலி எப்படிக் கெடும் என்பதற்கு நன்றாக ஆராயப்பட்ட இரண்டு உதாரணங்கள் உண்டு.

முதலாவது ஒண்டான்செட்ரான். வாந்தியை நிறுத்த நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் போடும் மருந்துதான். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாந்திக்கு இது எவ்வளவு வேலை செய்கிறது என்று வெளியான ஆய்வுகளை 1997இல் ஒரு குழு துருவியது. வெளியான அறிக்கைகளில் 17 சதவீதம், ஏற்கெனவே வந்த ஆய்வுகளின் மறுபதிப்பு. நோயாளித் தரவில் 28 சதவீதம் இரட்டிப்பு. பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்ற குறிப்புகூட இல்லாமல் வந்திருந்தன. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. நன்றாக வேலை செய்ததாகக் காட்டிய ஆய்வுகள்தான் மறுபடி மறுபடி வெளியாகியிருந்தன என்பதால் இப்படி. அங்கே பிறர் வரியை யாரும் திருடவில்லை. 'நான் எழுதியதை நானே எடுத்தால் என்ன' என்ற மூன்றாவது சமாதானத்துக்குப் பதில் இதுதான்.

இரண்டாவது, ஜெர்மன் மயக்கவியல் மருத்துவர் யோவாகிம் போல்ட். ஐ.சி.யு.வில் ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கு ஏற்றும் ஸ்டார்ச் திரவம் பாதுகாப்பானது என்று நிறைய எழுதியவர். 2011இல் அவருடைய 80க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. முறையான எத்திக்ஸ் அனுமதி இருந்ததற்குச் சான்று இல்லை என்பது முதல் காரணம், தரவுப் புனைவும் வெளியே வந்தது. 2013இல் வந்த மெட்டா அனாலிசிஸ் அவருடைய ஏழு ஆய்வுகளை விலக்கிவிட்டுக் கணக்குப் போட்டது. அந்தத் திரவம் ஏற்றப்பட்டவர்களிடையே மரணமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதல் என்று தெரிந்தது. அவருடைய ஆய்வுகளைச் சேர்த்திருந்தால் அந்த அபாயம் மங்கிப்போயிருக்கும்.

இரண்டிலும் ஒற்றுமை மென்பொருள் என்ன சொல்லியிருக்கும்? போல்ட் விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லியிருக்காது. புனைந்த தரவு எப்போதும் 'ஒரிஜினல்'தான்.

முதல் மூன்று பெயர்கள்

பதவி உயர்வு விதியில் முதல் மூன்று ஆசிரியர்களுக்கும் இதழோடு கடிதத் தொடர்பில் இருப்பவருக்கும் மட்டுமே மதிப்பு என்று பார்த்தோம். அப்படியானால் கட்டுரையின் நான்காவது இடம் பெரும்பாலும் யாருக்கும் உதவாத இடம். பி.ஜி.யின் தீசிஸ் கட்டுரையாகும்போது முதல் இடம் பி.ஜி.க்கு, இரண்டாவது கைடுக்கு, மூன்றாவது அந்த ஆண்டு பதவி உயர்வுக்கு இரண்டு கட்டுரை தேவைப்படும் ஒருவருக்கு. ரத்த மாதிரி எடுத்து, சோதித்து, உண்மையில் வேலை செய்த இன்னொருவர் நான்காவதாகப் போவார், அல்லது போகவே மாட்டார்.

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ உருப்படியான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வின் நம்பகத்தன்மைக்குப் பொறுப்பு. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது இதில் எங்கும் வராது. ஆனால் நம் கல்லூரிகளில் ஹெச்.ஓ.டி. பெயரை விட்டுவிட்டு ஒரு பி.ஜி. கட்டுரை அனுப்புவது நடக்கிற காரியமா? இதை மரியாதை என்று நினைத்துச் செய்பவர்களே அதிகம், திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை. கட்டுரையில் பிழை வந்தால் மட்டும் அந்தப் பெரியவரே, "பசங்க எழுதியது, நான் பார்க்கவில்லை" என்பார்.

புகார் வந்தால்

யு.ஜி.சி. விதிப்படி முதலில் துறை அளவில் ஒரு குழு விசாரிக்கும். அதற்குத் தலைவர் துறைத் தலைவரே. அதன் பரிந்துரை நிறுவன அளவிலான குழுவுக்குப் போகும், அதில் வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் 45 நாள். குற்றம் சாட்டப்பட்டவரே குழுவில் இருந்தால் விலகிக்கொள்ள வேண்டும். இருந்தும், எல்லாக் கட்டுரையிலும் தன் பெயர் இருக்கும் ஹெச்.ஓ.டி. தலைமையில் நடக்கும் விசாரணைக்கு எத்தனை மாணவர்கள் துணிந்து புகார் கொடுப்பார்கள்?

அடுத்து, கட்டுரையைத் திரும்பப் பெறுதல். இதழ் ஒரு கட்டுரையை 'இனி இதை நம்ப வேண்டாம்' என்று அறிவிப்பதுதான் இது. கட்டுரை அழிக்கப்படாது, அதன்மேல் குறிப்பு ஒட்டப்படும். எல்லாத் திரும்பப் பெறுதலும் முறைகேடு கிடையாது. கணக்கில் தவறு செய்துவிட்டோம் என்று ஆசிரியர்களே முன்வந்து திரும்பப் பெறுவதும் உண்டு, அவர்களைப் பாராட்ட வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப். மைனஸ் மதிப்பெண் எனக்கு முழுக்க உவப்பாக இல்லாததற்குக் காரணம் இதுதான். கட்டுரைகளை அள்ளிக் குவிக்கும் நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட அது உதவும். ஆனால் நேர்மையாகத் தவறை ஒப்புக்கொள்ள வரும் டாக்டரைப் பார்த்து, "ரேங்க் போய்விடும், சும்மா இரு" என்று நிர்வாகம் சொல்லவும் அது காரணமாகலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அது எழுதும் பத்திகள் எங்கிருந்தும் வரிக்கு வரி எடுக்கப்படாததால் ஒற்றுமை எண் ஏறக்குறைய பூஜ்யம். அதை ஆசிரியராகப் போடக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டும் என்று அதே இதழாசிரியர் குழு 2023இல் அறிவித்தது. இங்கிலீஷ் வராது என்ற நான்காவது சமாதானத்துக்கு இதில் ஒரு நேர்மையான தீர்வுகூட இருக்கிறது: தான் எழுதியதன் மொழியைத் திருத்திக்கொண்டு, திருத்தியதைச் சொல்லிவிடலாம். ஆனால் எல்லா ஆய்வேட்டுக்கும் பூஜ்யமே வரப்போகும் காலத்தில் அந்தச் சான்றிதழ் எதைச் சான்றளிக்கும்?

எதைச் சோதிக்கலாம்?

மென்பொருளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சோம்பேறித்தனமான காப்பியைப் பிடிக்க அது போதும். அதோடு கூட, செலவில்லாமல் ஒவ்வொரு துறையும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

1. பத்து கேஸ் ஷீட். மாஸ்டர் சார்ட்டிலிருந்து ஏதாவது பத்து ஐ.பி. எண்களைத் தேர்ந்தெடுத்து, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவிலிருந்து அந்தக் கேஸ் ஷீட்டுகளை வரவழைத்து, வயதும் நோயும் ரத்த அளவும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. ஒரு மதியம் போதும். மேலே சொன்ன ஆ முதல் எண்ணிலேயே மாட்டிக்கொள்வார்.

2. எக்ஸெல் கோப்பை மாதந்தோறும் கைடிடம் காட்டுவது. பன்னிரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறைய வேண்டிய கோப்பு, கடைசி வாரத்தில் ஒரே ராத்திரியில் நிறைந்தால் தெரிந்துவிடும்.

3. ஒப்புதல் படிவங்கள். ஒவ்வொரு நோயாளியும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த தாள்கள் துறையில் இருக்க வேண்டும். நூறு நோயாளி என்றால் நூறு தாள்.

4. எண்ணிக்கையைக் குறைப்பது. நூறு பேர் வேண்டும் என்று ப்ரோட்டோகாலில், அதாவது ஆய்வுத் திட்டத்தில், எழுதிவிட்டு நாற்பது பேர்தான் கிடைத்தார்கள் என்றால், நாற்பது என்றே எழுத விட வேண்டும். மிச்சம் அறுபது பேரைக் கண்டுபிடிக்கச் சொல்லி நெருக்குவதுதான் புனைவுக்குப் பெரிய வாசல்.

5. பெயர்ப் பங்கை எழுதி வைப்பது. எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்பே யார் எதைச் செய்யப் போகிறார்கள், கட்டுரையானால் யார் பெயர் எங்கே என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது.

இவற்றில் நான்காவதுதான் கடினம். தேர்வாளர்கள் இன்னும் ஆய்வேட்டைக் கையில் வாங்கியதும் எத்தனை நோயாளிகள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த நாற்பது பேர் எங்கே, எப்படிக் கிடைத்தார்கள், எத்தனை பேர் வர மறுத்தார்கள் என்று வைவாவில் ஒரு தேர்வாளர் கேட்கத் தொடங்கினால், அடுத்த பேட்ச் பி.ஜி.க்கள் அதற்கும் தயாராகி வருவார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நோயாளிகளை உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும்.